எந்தக் கண்ணாடி?

"கடலுக்கு அடியில போயிட்டா மீனெல்லாம் நம்மளப் பாத்துச் சிரிக்கும் தம்பி" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"உங்க மீசையப் பாத்திருக்கும் சார்" என்றான் ரேடியோ.

அண்ணி பேனாவால் மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டுக்கு வாயை மூடு என்று அர்த்தம். ரேடியோ மூடினான். அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு வெகு காலமாகிறது. போட்டால் அணைக்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் எவனோ வைத்த பட்டம், அவனோடு சேர்ந்து வளர்ந்து, கடைசியில் ஆபீஸ் பெயர்ப்பலகையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. பலகையில் அவனுக்கு மேலே இருப்பது அண்ணி. அவனுடைய அண்ணனைக் கட்டியவள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்டு வருகிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவள். மீதி ஆயுளையும் அதிலேயே கழிக்கலாம் என்று துப்பறியும் நிலையம் திறந்தாள். துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றதும் அண்ணன் தன் தம்பியைத் தள்ளிவிட்டான். வீட்டிலாவது கொஞ்சம் அமைதி கிடைக்கும் என்ற நல்லெண்ணம்தான்.

"விஷயத்துக்கு வாங்க சார்" என்றாள் அண்ணி.

கண்ணாடிக்கடைக்காரர் விஷயத்துக்கு வந்தார். மகளுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை குடும்பத்தோடு ஸ்கூபா டைவிங் போகத் திட்டம் போட்டிருக்கிறார். வெயிலும் தென்னை மரமும் பளிங்குத் தண்ணீருமாக ஒரு கடற்கரை. அங்கே முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது. வருகிற வாரம் கிளம்ப வேண்டும். தண்ணீருக்குள் ஜோடி ஜோடியாகத்தான் இறங்க வேண்டுமாம். ஒருவருக்கு மூச்சுக்குக் காற்று போதவில்லை என்றால் ஜோடிதான் தன்னுடையதைக் கொடுத்து மேலே கொண்டுவர வேண்டும்.

"அம்மாவும் பொண்ணும் ஆழமில்லாத இடத்துல. நானும் மாப்பிள்ளையும் நல்ல ஆழத்துல. நான் அனுபவசாலிங்கிறதால அப்படி ஏற்பாடு" என்று சொல்லிவிட்டு அவர் பளபளத்த மீசையைத் தடவிக்கொண்டார்.

"இதுல எங்களுக்கு என்ன வேலை?"

"கண்ணாடி காணாமப் போகுது மேடம்."

மற்றவர்கள் எல்லாரும் மாஸ்க் என்று சொல்வது அவருக்குக் கண்ணாடி. அவருக்கு எல்லாமே கண்ணாடிதான். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற அந்தச் சாமானில் தன் பார்வைக்குத் தகுந்த பவர் லென்ஸைத் தானே தேய்த்துப் பொருத்தியிருந்தார். வீட்டு அலமாரியில் இருந்த அது காணாமல் போனது. சத்தம் போடாமல் இன்னொன்று செய்து கீழே கடையில் லென்ஸ் தேய்க்கும் அறையில் வைத்தார். அதையும் காணோம். பூட்டு உடையவில்லை, வேறு ஒரு துரும்பும் அசையவில்லை.

"வீட்ல சொன்னீங்களா?"

"எப்படி மேடம் சொல்றது? மாமா பயந்துட்டார், அவரே ஒளிச்சு வச்சுட்டு நாடகம் ஆடுறார்னு மாப்பிள்ளை நினைச்சுட்டா? இத்தன வருஷமா கட்டிக் காத்த மானம் மேடம். கிளம்புறதுக்குள்ள திருடன் யாருன்னு தெரியணும்."

"கவலைப்படாதீங்க. கடலுக்கடியில முதல் தடவை போனப்ப எப்படி இருந்தது?"

அவ்வளவுதான், அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். இந்தக் கதையை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார் என்பது சொன்ன வேகத்திலேயே தெரிந்தது. "சுத்தியும் நீலம் மேடம். கூட வந்தவர் கையாலேயே எப்படி இருக்குன்னு கேட்டார். நான் கட்டை விரலத் தூக்கி இப்படிக் காட்டினேன். அவர் சிரிச்சார். இன்னும் கீழ போனோம், இன்னும் கீழ போனோம்..."

அவர் கீழே போய் மேலே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விடைபெற்றுப் போகும்போது வாசலில் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்து, உள்ளங்கையால் காதை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு படியிறங்கினார்.

"என்ன நினைக்கிற?" என்றாள் அண்ணி.

"தங்கமான மனுஷன். மீசைக்கு எண்ணெய் போடுற கைதான் கொஞ்சம் தாராளம். அதுல நான் தலையே வாரியிருக்கலாம்."

"அது எண்ணெய் இல்ல. அத அப்புறம் சொல்றேன். ஆள் பொய் சொல்றார்."

"எதுல?"

"தண்ணிக்குள்ள கட்டை விரலத் தூக்கினா நல்லா இருக்குன்னு அர்த்தமில்லடா. மேல போகலாம்னு அர்த்தம். நல்லா இருக்குன்னு சொல்ல விரல வட்டமா சேத்துக் காட்டணும். இவர் கட்டை விரலக் காட்டியிருந்தா கூட வந்தவர் சிரிச்சிருக்க மாட்டார். கையப் பிடிச்சு மேல இழுத்துட்டு வந்திருப்பார்."

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"கடலுக்கடியில காது போச்சுன்னு ஒருத்தன் கம்பெனிக்கு வந்தான். அவனும் இதே விரலத்தான் தூக்கினான்."

ரேடியோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான். "அப்ப கேஸ் முடிஞ்சுது அண்ணி. மனுஷன் கால் நனைச்ச கடலோட சரி. மாட்டிக்குவோம்னு பயந்து கண்ணாடிய அவரே ஒளிச்சுட்டு, எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னு நம்மகிட்ட வந்து சொல்லிட்டுப் போறார்."

"எல்லாம் சரியாத்தான் பொருந்துது. அதனாலதான் எனக்குப் பிடிக்கல" என்று அண்ணி கைப்பையை எடுத்தாள்.

கீழே கடை, மேலே வீடு. கடைக்குள் நுழைந்ததும் நான்கு சுவரிலும் கண்ணாடிகள் வரிசையாக நின்று ரேடியோவை முறைத்தன. போதாததற்கு ஆளுயர நிலைக்கண்ணாடிகள் வேறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே தெரிந்ததில் அவனுக்கு ஒன்றும் வருத்தமில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கதவு. அதற்குள் லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஈரமாகக் கிறீச்சிட்டது. பக்கத்தில் திரை போட்ட சின்ன அறை. அங்கே கடைக்காரம்மா வருகிறவர்களுக்குக் கண் டெஸ்ட் செய்வார்.

அண்ணி தன்னைப் பயண இன்சூரன்ஸ் என்று சொல்லிக்கொண்டாள். பழைய தொழில் என்பதால் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. மாடியில் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பயணம் பரப்பி வைத்திருந்தது. லேப்டாப்பில் ஒரு நீலக் கடல். அதன் முன்னால் மாப்பிள்ளை. ஏற்கெனவே சில தடவை கடலுக்குள் போய் வந்தவர், அந்தப் பழக்கத்தில் கையை விரித்து நீந்தியபடியே பேசினார். மகள் காலில் துடுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்தில் தபக் தபக்கென்று வாத்து மாதிரி நடை பழகிக்கொண்டிருந்தாள்.

"அங்க போனதும் ஒரு சின்ன டெஸ்ட் வைப்பாங்களாம். மாமாவுக்கு அதெல்லாம் தூசு" என்றார் மாப்பிள்ளை. "எனக்கும் ஆழமான இடத்துக்குப் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. தனியா போகத் தயக்கம். இப்பத்தான் மாமா ஜோடியா கிடைச்சிருக்காரே, எனக்கென்ன பயம்?"

அண்ணியின் முகத்தில் இருந்த விளையாட்டு அந்த நிமிஷம் காணாமல் போனதை ரேடியோ பார்த்தான். அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தவள் அவனை மாடிப்படியில் நிறுத்தினாள்.

"இது மானப் பிரச்சினைன்னு நினைச்சேன். அந்தப் பையன் இவர நம்பி இறங்கப் போறான்டா. ஒரு வேலை செய். மூணு பேர்கிட்டயும் தனித்தனியா போய், 'சாரோட கண்ணாடியக் காணோமாம், பாத்தீங்களா?'ன்னு கேளு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"ஒரு வார்த்தை கூடவா?"

"உனக்குக் கஷ்டம்தான். தெரியும்."

ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டுத் திரும்பினான். வார்த்தையை அடக்கியதில் கழுத்து நரம்பெல்லாம் வலித்தது.

"வெறுங்கைதான் அண்ணி. பொண்ணு, 'தலை மேல இருக்கும், இல்லன்னா ஃபிரிட்ஜுக்குள்ள பாருங்க, ஒரு தடவை அங்கதான் இருந்துச்சு'ன்னு சொல்லுது. மாப்பிள்ளை, 'கீழ கடை முழுக்கக் கண்ணாடிதானே, ஒண்ண எடுத்து மாட்டிக்கச் சொல்லுங்க'ங்கிறார். அந்தம்மா, 'தண்ணிக்குள்ள போட்டுக்கிறதா? நான் அதத் தொடக்கூட இல்லையே தம்பி'ன்னாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல."

 அண்ணி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவளிடமிருந்து கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

"எதுக்கு அடிச்சீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"வா. முதல்ல பொய் சொன்னவரப் பாப்போம். அப்புறம் திருடின ஆளப் பாப்போம்."

"ரெண்டு பேரும் ஒரே ஆள் இல்லையா?" என்று ரேடியோ கேட்டது காலிப் படிக்கட்டிடம்தான்.

லென்ஸ் தேய்க்கும் அறையில் இருவர் நின்றால் மூன்றாமவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அண்ணி கதவைச் சாத்தினாள். மெஷினை அணைக்கச் சொன்னாள்.

"சார், நீங்க கடலுக்குள்ள இறங்கினதே இல்ல. சரியா?"

கண்ணாடிக்கடைக்காரர் கையில் இருந்த லென்ஸை வேட்டித் துணி அளவுக்கு இருந்த ஒரு துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"ஆனா நீச்சல் குளத்துல இறங்குறீங்க. தினமும் காலையில. குளத்துக்குப் போடுற மருந்து வாசனை உங்க சட்டையில இருக்கு. காதுல தண்ணி நிக்குது. மாஸ்க் போட்டா உங்க மீசை வழியா தண்ணி உள்ள வருது. அதத் தடுக்க வழவழன்னு களிம்பு தடவுறீங்க. கழுவினாலும் அது சுலபமா போகாது."

"அதான் பளபளப்பா!" என்றான் ரேடியோ. "மீசைய எடுத்திருக்கலாமே சார்? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி?"

"எப்படி எடுப்பேன் தம்பி?" அவர் துணியைக் கீழே வைத்தார். "மீசையோடதான் அந்தக் காலத்துல முங்கினேன்னு சொல்லி வச்சிருக்கேனே! இப்ப எடுத்தா, அப்ப மட்டும் எப்படி முங்கினீங்கன்னு கேப்பாங்களே!"

பொய்யை அவர் வரிசையாகச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அவரும் அந்தம்மாவும் முதல் தடவை தனியாகப் பேசிக்கொண்டபோது, பொழுதுபோக்கு என்ன என்று அவள் கேட்டாளாம். எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர். அதில் ஓர் ஆள் மீன்களுக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தான்.

"கடலுக்கடியில போவேன்னு சொல்லிட்டேன். நிஜமாவான்னு கண்ண விரிச்சா பாருங்க... எத்தனையோ கண்ணப் பாத்திருக்கேன் மேடம், தொழிலே அதுதான். அந்தக் கண்ணப் பாத்துட்டு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்புறம் அது பாட்டுக்கு வளந்துடுச்சு. பொய்க்குச் சோறு போட வேண்டியதே இல்ல, தானா வளரும்."

"இப்ப நீச்சல் எந்த அளவுல இருக்கு?"

"குளத்த இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் கடந்துடுவேன். மேலாப்புல. ஆழம்தான் இன்னும் வரல. கிளம்புறதுக்குள்ள வந்துடும்னு பாத்தேன்." அவர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொள்ளாத குறை. "கண்ணாடிய நான் எடுக்கல மேடம். அவளுக்கு மட்டும் நான் பொய் சொன்னது தெரியக் கூடாது. சத்தியமா எடுக்கல."

"எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. "ஒளிச்சு வைக்கிறவர் களிம்பு தடவிக்கிட்டு தினமும் குளத்துக்குப் போக மாட்டார்."

அடுத்து, திரை போட்ட அறை. அண்ணி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க" என்றாள். கடைக்காரம்மா விளக்கை அணைத்தார். எதிர்ச் சுவரில் எழுத்துகள் மட்டும் வெளிச்சமாக நின்றன. அண்ணியின் மூக்கின் மேல் கனமான ஒரு வட்ட பிரேமை வைத்து, அதில் ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு எடுத்தார். ரேடியோ திரையோரம் நின்றான்.

"இது முதல் கண்ணாடி. இது ரெண்டாவது. எதுல தெளிவாத் தெரியுது?"

"ரெண்டும் தெளிவாத்தான் தெரியுது. முதல் கண்ணாடிய எங்க வச்சீங்க, ரெண்டாவத எங்க வச்சீங்க?"

லென்ஸ் பெட்டிக்குப் போன கை பாதியில் நின்றது.

"எனக்கென்ன தெரியும்?"

"இது கண்ணாடிக்கடை. உங்க வீட்டுக்காரர் கண்ணாடியத் தலையில வச்சுக்கிட்டே வீடெல்லாம் தேடுற மனுஷன். அவர் கண்ணாடியக் காணோம்னா யாருக்கும் மூக்குக்கண்ணாடிதான் ஞாபகம் வரும். உங்க பொண்ணுக்கு அதான் வந்தது, மாப்பிள்ளைக்கும் அதான் வந்தது. இத்தன கண்ணாடிக்கு நடுவுல உங்களுக்கு மட்டும் ஏன் தண்ணிக்குள்ள போட்டுக்கிற கண்ணாடி ஞாபகம் வந்தது? அது காணாமப் போனத அவர் வீட்ல யார்கிட்டயும் சொல்லவே இல்லையே."

ரேடியோவுக்கு முதுகில் வாங்கிய அடியின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. நாம் கொண்டுவந்து கொடுத்த பதிலுக்குள்ளேயே திருடி உட்கார்ந்திருந்திருக்கிறாள். நாம் தபால்காரன் மாதிரி பிரிக்காமல் கொடுத்திருக்கிறோம் என்று தன்னையே நொந்துகொண்டான்.

கடைக்காரம்மா நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டார். இன்சூரன்ஸ்காரிக்கு ஏன் இந்த வேலை என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும் என்று பல நாளாகக் காத்திருந்தவர் போலப் பேசினார்.

"அந்த மனுஷன் தலைக்குக் குளிச்சுப் பாத்திருக்கீங்களா? நீங்க எப்படிப் பாப்பீங்க. ஒரு செம்பு ஊத்திட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, வெளிய யாராவது இருக்கீங்களான்னு ஒரு குரல். அடுத்த செம்புக்கு மறுபடி ஒரு குரல். நான் இருக்கேன் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். இவரு கடலுக்கடியில போனாராம்! கல்யாணமான மறுநாளே எனக்குத் தெரியும்."

"கேட்டிருக்கலாமே?"

"எதுக்கு? நான் ஆசையா கேட்டேன்னுதான அந்தப் பொய்யச் சொன்னாரு. கேக்க நல்லாத்தான இருந்துச்சு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை ஆழத்துல ஜோடின்னு சொன்னதும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. அவர் வாயால முடியாதுன்னு சொல்ல மாட்டாரு. மாப்பிள்ளை முன்னாடி நான் அவர விட்டுக் குடுக்கவும் முடியாது. கண்ணாடி இல்லன்னா போக முடியாதேன்னு எடுத்தேன். மனுஷன் ரெண்டாவது ஒண்ணு செஞ்சுட்டாரு! எனக்குத் தெரியும்ங்கிறது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்மா. தலை நிமிந்து இருக்கட்டும்."

"சரி. ஆனா கண்ணாடி ரெண்டும் இன்னைக்கே வெளிய வந்துடணும்."

அவர் தலையாட்டினார். லென்ஸ் பெட்டிக்குக் கீழே இருந்த இழுப்பறையை அவர் பார்த்த பார்வையிலேயே இடம் தெரிந்துவிட்டது.

மாடிப்படியில் ரேடியோ அண்ணியை மறித்தான். "அவர் சொன்னத அவங்ககிட்ட சொல்லக் கூடாது. அவங்க சொன்னத அவர்கிட்ட சொல்லக் கூடாது. நாம நடத்துறது துப்பறியும் நிலையமா, பூட்டுக்கடையா? நாம பாட்டுக்கு வாய மூடிட்டுப் போனா, மாப்பிள்ளையும் மாமாவும் தண்ணிக்குள்ள கையக் கோத்துக்கிட்டுப் போய்ச் சேந்துடுவாங்க அண்ணி."

"நாம சொல்லக் கூடாதுன்னுதானே கேட்டாங்க? அது தானா வெளிய வரக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்று அண்ணி அவனைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினாள்.

எல்லாரையும் மேஜைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். மகள் துடுப்புச் செருப்போடே வந்து உட்கார்ந்தாள்.

"இன்சூரன்ஸ்ல ஒரே ஒரு நிபந்தனை இருக்கு. ஜோடி போடும்போது அனுபவம் உள்ளவர் ஒருத்தர், புதுசா இறங்குறவர் ஒருத்தர்னு கலந்துதான் போடணும். மாப்பிள்ளை ஏற்கெனவே போயிருக்கார், பொண்ணு புதுசு. அவங்க ஒரு ஜோடி. சார் பெரிய அனுபவசாலி, மேடம் புதுசு. அவங்க ஒரு ஜோடி. சார் கூட இருக்கிறதால மேடமும் ஆழமான இடத்துக்கே போகலாம்."

அப்படி ஒரு நிபந்தனை எந்த நாட்டு இன்சூரன்ஸிலும் கிடையாது என்பது ரேடியோவுக்குத் தெரியும். அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பேச வேண்டாம் என்று யாரும் சொல்லாமலே பேசாமல் இருந்தான்.

"இது இன்னும் நல்லா இருக்கே!" என்றார் மாப்பிள்ளை. ஆழத்து ஆசை போனதில் முகம் கொஞ்சம் சுருங்கினாலும், மனைவி பக்கம் திரும்பியதும் சரியாகிவிட்டது. "அத்தை, நீங்க மாமா கையப் பிடிச்சுக்கிட்டா போதும். மூச்சு முட்டினாலும் அவர் பாத்துக்குவார். மாத்திடட்டுமா? உங்களுக்குச் சம்மதமா?"

கடைக்காரம்மா அண்ணியை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் கோபமும் சேர்ந்திருந்தன. பிறகு கணவரைப் பார்த்தார். அவருடைய மீசைக்குக் கீழே உதடு வெளுத்திருந்தது. வேண்டாம் என்று அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்கள், இவருக்குத் தலை குனியும்.

"சம்மதம்தான்" என்றார் கடைக்காரம்மா. குரல் சின்னதாக இருந்தாலும் தடுமாறவில்லை. "அவர் கூடன்னா எனக்கென்ன பயம்? போடுங்க மாப்பிள்ளை."

ரேடியோ அந்தம்மாவையே பார்த்தான். இந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள், அவருடைய தலை குனியக் கூடாது என்பதற்காக அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கச் சம்மதிக்கிறாள். மாப்பிள்ளையின் விரல் லேப்டாப்பின் மேல் போனது.

"நிறுத்துங்க மாப்பிள்ளை."

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து நின்றிருந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

"எனக்குக் கடலப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் இறங்கினதே இல்ல. சொன்னதெல்லாம் பொய்."

மகளின் செருப்பு ஒரு தபக்கோடு நின்றது. மாப்பிள்ளை மெதுவாக, "அப்ப அந்தக் கட்டை விரல் கதை மாமா?" என்றார். "நான் கூட, அந்தக் காலத்துல சைகை வேற மாதிரி இருந்திருக்கும் போலன்னு நினைச்சேன்."

"அதுவும் சேத்துதான்." அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தார். "ஊர்ல யார்கிட்ட வேணும்னாலும் நான் பெருமை அடிச்சுக்குவேன். மாப்பிள்ளைய ஏமாத்தப் பாத்தேன், அதுவே தப்பு. ஆனா நீ என் கையப் பிடிச்சுக்கிட்டு, எனக்குப் பயமில்லன்னு சொல்ற பாரு... அத வச்சுக்கிட்டு என்னால தண்ணிக்குள்ள இறங்க முடியாது. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு உன்ன மேல கொண்டு வரத் தெரியாது."

 கடைக்காரம்மா எழுந்து கீழே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று அவர் நினைத்தது அவருடைய தோளிலேயே தெரிந்தது. அந்தம்மா திரும்பி வந்து, கண்ணாடிகள் இரண்டையும் மேஜையில் வைத்தார்.

"இது... உன்கிட்ட எப்படி?"

"திருடினேன்."

"நீயா? எதுக்கு?"

"நீங்க பாட்டுக்குத் தண்ணிக்குள்ள போய் மேல வராமப் போயிட்டா, அப்புறம் நான் யார்கூடச் சண்டை போடுறது?"

 "அப்ப உனக்கு நான் பொய் சொன்னது..."

"அதெல்லாம் ஆரம்பத்துலயே தெரியும். முதல்ல உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. மிச்சமிருந்த மானத்தையாவது காப்பாற்றிக்கொள்கிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். "இப்ப எனக்கு நீந்தத் தெரியும். அது பொய் இல்ல. தினமும் காலையில வாக்கிங்னு சொல்லிட்டுக் குளத்துக்குப் போய்க் கத்துக்கிறேன். சின்னப் பசங்க எல்லாம் என்ன மீசை அங்கிள்னு கூப்பிடுதுங்க."

கடைக்காரம்மாவின் முகம் மாறியது. பொய்யைக் கேட்டபோதெல்லாம் சிரித்தவர், உண்மையைக் கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். தண்ணீருக்கு இத்தனை பயந்த மனுஷன் தினமும் விடிவதற்கு முன் எழுந்து போய்க் குளத்தில் குதித்திருக்கிறான், அதுவும் குரல் கொடுக்க வாசலில் ஆள் இல்லாமல். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் எதை முதலில் விடுவது என்று அவருக்கே தெரியவில்லை.

"மாப்பிள்ளை, பயணத்த அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போட முடியுமா?" என்றார்.

"தாராளமா அத்தை. இடமும் மாத்திடறேன், நாலு பேருக்கும் ஆழமில்லாததா. ஆனா ஏன் ஒரு மாசம்?"

அந்தம்மா கணவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு மட்டும் நீந்தத் தெரியுமா என்ன? நாளைக்குக் காலையில போறப்ப என்னையும் எழுப்புங்க."